பட்டுப்போவதற்கு முப்பது

மலையடியில் ஒரு மடம். முன்னால் முக்கால் ஏக்கர் கட்டாந்தரை. அதைத் தோட்டமாக்க வேண்டும் என்று சாமி ஒரு நாள் சொன்னார். சொன்னதோடு சரி. எஸ்டிமேட் போடுகிற வேலை தில்லைநாயகத்தின் தலையில் விழுந்தது.

விழாமல் எங்கே போகும்? அரசாங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் எஸ்டிமேட் போட்ட கை. ஓய்வு பெற்று, பெண்சாதியையும் பறிகொடுத்து, அறுபத்தோரு வயதில் சீடனாக வந்து சேர்ந்தவர். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் ‘நீர்’ போட்டுப் பேசுவார். மரியாதை அவ்வளவுதான்.

தில்லைநாயகம் மூன்று நாள் நாடா பிடித்து அளந்தார். செம்மண் இத்தனை லோடு, சாணம் இத்தனை வண்டி. நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் சேர்த்து முந்நூறு செடி. பாத்தி ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்து நட்டால் பல்வரிசை மாதிரி நிற்கும். அதற்கு ஆயிரத்து எண்ணூறு கல். தோட்டக்காரர் பூவலிங்கத்துக்குச் சம்பளம். கடைசியில், பழக்கம் விடுமா, உடைவதற்கென்று தொண்ணூறு கல் கூடுதல். பட்டுப்போவதற்கென்று முப்பது செடி கூடுதல்.

சாமி தாளை வாங்கிப் பார்த்தார். விரல் கடைசி வரியில் நின்றது.

“இந்த முப்பது எது?”

“எதுன்னு இப்பச் சொல்ல முடியாது சாமி. நூத்துக்குப் பத்து போகும். எல்லா இடத்திலயும் அப்படித்தான்.”

“அதுகளுக்குத் தெரியுமா?”

தில்லைநாயகம் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆவணியில் வேலை தொடங்கியது. கல் வந்து இறங்கி, ஓரம் கட்டி முடித்தார்கள். உடைந்ததைக் குவித்து எண்ணினால் தொண்ணூறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தில்லைநாயகத்துக்கு உள்ளூரப் பெருமை. பழைய ஆபீஸாக இருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

பிறகு செடிகள் பட்டுப்போக ஆரம்பித்தன.

பூச்சி இல்லை. வேரழுகல் இல்லை. நின்ற நிலையிலேயே போயின. இலைகூட உதிரவில்லை, துவைத்துத் துவைத்து நைந்த துணி போல வெளுத்தது, அவ்வளவுதான். பிடுங்கினால் வேர் மண்ணைப் பிடித்திருக்கவே இல்லை. செருகி வைத்த குச்சி மாதிரி சத்தமில்லாமல் கையோடு வந்தது. அரை முழம் தள்ளி அடுத்த செடி பூத்துக் குலுங்கும். ஒரே மண், ஒரே தண்ணீர்.

ஐப்பசி முடிவதற்குள் முப்பது போயிற்று. அதோடு நின்றது.

கணக்கு தற்செயலாக ஒத்துப்போயிற்று என்று விட்டிருக்கலாம். ஆனால் பிறகு நடைபாதை ஓரத்துக்கு அறுபது குரோட்டன்ஸ் வாங்கினார்கள். அந்தப் பக்கம் அடியில் பாறை. நூற்றுக்குப் பதினைந்து வைத்தார். ஒன்பது. ஒன்பதும் போயிற்று. அடுத்தது கிணற்றுப் பக்கம் பன்னிரண்டு செண்பகம். அதற்கு ஏழு என்று எழுதினார். ஏன் எழுதினோம் என்று அவருக்கே தெரியாது. என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று ஒரு நினைப்பு. பத்தே நாளில் ஏழும் வெளுத்து நின்றன. மிச்சம் ஐந்தும் அவர் கிட்டே போனால் இலையைத் திருப்பிக்கொள்வது போல இருந்தது. காற்றாக இருக்கும். காற்று அன்றைக்கு இல்லை.

அறைக்கு வந்து, முதலில் போட்ட எஸ்டிமேட் தாளை எடுத்து மறுபடி படித்தார். நடுவில் ஒரு வரியில் விரல் நின்றது.

தோட்டக்காரர் பூவலிங்கம், ஆவணி முதல் மார்கழி முடிய. தை முதல் வேறு ஆள்.

அவர் எழுதியதுதான். பூவலிங்கத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. அப்போதே இருமல். இந்த ஆள் பொங்கல் வரை தாங்கினால் பெரிது என்று நினைத்தார், நினைத்ததை எழுதினார். ஆள் கணக்குப் போட்டே பழகியவருக்கு அது ஒரு வரி. யாரிடமும் சொல்லவில்லை. பூவலிங்கத்துக்கு எழுத்தும் தெரியாது.

அன்று மார்கழி ஏழு.

கிணற்றடிக்குப் போனார். பூவலிங்கம் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, பிடிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பூவாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். ஆடாமல், நேராக நின்றார். முகத்தில் நிறம் இல்லை. அந்த வெளுப்பைத் தில்லைநாயகம் நாற்பத்தாறு தடவை பார்த்திருக்கிறார்.

வேலை நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்.

“மார்கழி வரைக்கும்தானே ஐயா. வாறவன் கைக்குச் சுத்தமாப் போகணும்லா.”

“உமக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. செடிக்கெல்லாம் யாரு சொன்னா?”

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு இருமினார்.

தில்லைநாயகம் அறைக்கு ஓடினார். சிவப்பு மையில் அந்த வரியை அடித்தார். போதாது என்று தாள் கிழிகிற வரை அடித்தார். மேலே, ‘பூவலிங்கம், வருஷம் முழுக்க’ என்று எழுதினார். யோசித்து, ‘அதற்குப் பிறகும்’ என்று சேர்த்தார்.

சாமி வாசற்படியில் உட்கார்ந்து அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் கல்லிலிருந்து பூவலிங்கம் வரை எல்லாவற்றையும் கொட்டினார். தன் கைதான் கொல்கிறதா என்று கேட்டார். ஊசி வாரில் ஏறி இறங்கியது.

“அந்த வரியை அடிச்சிட்டேன் சாமி. இனி அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?”

சாமி தாளைப் பார்க்கவே இல்லை.

“முப்பது போனதுக்கு அப்புறம், வாசல் பக்கம் ஒரு செம்பருத்தி தலை சாஞ்சுதே. என்ன செஞ்சீர்?”

தில்லைநாயகம் சொன்னார். தென்னங்கீற்று முடைந்து நிழல் கட்டியது. காலையும் மாலையும் பக்கத்தில் குத்த வைத்து, இலை இலையாகத் துடைத்துவிட்டது. நாலு நாள் சாப்பாடுகூட அங்கேதான். பிழைத்துக்கொண்டது.

“ஏன் செஞ்சீர்?”

“அது பட்டுப்போகக் கணக்கில இடம் இல்ல சாமி.”

“அந்த முப்பதுல ஒண்ணுகிட்டயாவது குனிஞ்சீரா?”

தில்லைநாயகம் பாத்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கிணற்றடியிலிருந்து இருமல் கேட்டது. நீண்டது. நின்றது. அடுத்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை.

சாமி செருப்பைக் கீழே போட்டார்.

“கோடு தாள்ல இருக்கு. மனுஷன் கிணத்தடியில இருக்கார். நீர் எதுக்கு ஓய் இங்க நிக்கிறீர்?”