மொட்டையாம்பட்டியார் கயாக் ஓட்டிய கதை

மொட்டையாம்பட்டிக்காரர்களுக்கு மீன் என்றால் உயிர். ஆனால் ஏரியோ எதிர்க்கரை ஊருக்கும் பொது. படகுப் போட்டியில் ஜெயிக்கிற ஊருக்குத்தான் அந்த வருடத்து மீன் முழுவதும். மூன்று வருடமாகத் தோற்று, இப்போது சுண்டைக்காய்க் குழம்பைப் பார்த்தாலே பெரிய ஆட்கள்கூட அழ ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த வருடம் போட்டிக்கென்று ஊருக்கொரு கயாக் வந்தது. ஒரே ஆள் உட்காரும் பந்தயப் படகு. புடலங்காய் மாதிரி நீளம். இடுப்பு நுழையும் அளவுக்குத்தான் அகலம். ஓட்டக் கற்றுக்கொடுக்க ரத்தினசாமி என்ற கோச்சும் வந்தார். வந்தபோது அவர் பொறுமைசாலி.

ஓட்டுவதற்குக் கோதண்டம் தேர்வானார். ஊரிலேயே கனமான ஆள் அவர்தான். கனமான பொருள் ஆடாது என்று ஊர்த்தலைவர் பூவராகன் கண்டுபிடித்திருந்தார். கோதண்டம் உட்கார்ந்தார், உட்கார்ந்த கையோடு கவிழ்ந்தார்.

"கவுந்தாலும் துடுப்ப மட்டும் கையிலேருந்து விட்றாதீங்க," என்றார் கோச்.

கோதண்டம் விடவில்லை. குறுக்கே பிடித்த துடுப்போடு வீட்டுக்குள் நுழைய முடியாமல் மூன்று நாள் வாசலிலேயே படுத்தார். மனைவி செண்பகவல்லிதான் சோறு ஊட்டிவிட்டாள்.

நாலாம் நாள், "தண்ணியப் பாக்காதீங்க. கரையில ஏதாவது ஒண்ணப் பாத்து, அதை நோக்கியே போங்க," என்றார் கோச். கோதண்டம் பார்த்தது ஓர் எருமையை. எருமை மேய்ந்துகொண்டே நடந்தது. இவரும் விழுந்து எழுந்து பின்னாலேயே போனார். சாயங்காலம் எருமை தொழுவத்துக்குத் திரும்பியபோது, படகைத் தலையில் தூக்கிக்கொண்டு கோதண்டமும் தொழுவத்துக்குள் போய் நின்றார்.

அன்றே ஊர்க்கூட்டம் கூடியது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் தேசிங்கு எழுந்தார்.

"நிமிந்து இருக்கும்போது படகு ஆடுதா?"

"ஆடுது."

"கவுந்த பிறகு?"

எல்லோரும் கண்ணை மூடி யோசித்தார்கள். "அசையவே இல்லையே!"

"அப்போ அதுக்குக் கவுந்து கிடக்கத்தான் இஷ்டம். நாமதான் வீம்புக்கு நிமித்துறோம்."

"மொதல்லயே கவுத்துட்டா, அதுக்கு மேல எப்படிக் கவுந்துடும்?" என்று கேட்ட பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோச்சும் அழுதார், அவர் காரணம் வேறு.

போட்டி நாளில் கவிழ்த்த படகின் முதுகில் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கோதண்டம் துடுப்புப் போட்டார். பாதி ஏரி தாண்டியிருந்த எதிர்க்கரை ஆள் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து அவன் கவிழ்ந்தான். ஏறினான், மறுபடி பார்த்தான், மறுபடி கவிழ்ந்தான். கோதண்டம் ஆடாமல் அசங்காமல் அவனைத் தாண்டிப் போய் ஜெயித்தார். 'ஏரி மீன் முழுவதும் மொட்டையாம்பட்டிக்கே' என்று நடுவர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஊரே மசாலா அரைத்து, கரையில் அடுப்பு மூட்டி, எண்ணெயைக் காயவைத்துக் காத்திருந்தது. ஒரு மீன்கூட வரவில்லை.

"நாம ஜெயிச்சது மீனுங்களுக்கு எப்படித் தெரியும்? யாராச்சும் சொன்னீங்களா?" என்றாள் செண்பகவல்லி.

"சீட்டக் காட்டுவோம்," என்றார் பூவராகன்.

"அதுங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. தண்ணிக்குள்ள போயி வாசிச்சுத்தான் காட்டணும்," என்றார் தேசிங்கு.

தண்ணீருக்குள் போகும் வழி ஊருக்கே தெரியும்: படகில் உட்கார்ந்தால் போதும். படகை நிமிர்த்தினார்கள். சீட்டை மடியில் செருகிக்கொண்டு கோதண்டம் ஏறினார். எப்படியும் கவிழத்தானே போகிறோம் என்று உடம்பைத் தளர விட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். படகு ஆடவில்லை. துடுப்பைப் போட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. பயந்துபோய் இன்னும் வேகமாகப் போட்டார். அம்பு மாதிரி நேராகப் போனது.

"கவிழ மாட்டேங்குதுங்க!" என்று நடு ஏரியிலிருந்து கதறினார் கோதண்டம்.

"பிரமாதம்! அப்படியே போங்க!" என்று கரையில் கோச் குதித்தார்.

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. பூவராகன் பாய்ந்து வந்து கோச்சின் சட்டையைப் பிடித்தார்.

"யோவ், இத்தன நாளா என்னய்யா சொல்லிக்குடுத்தே? அவசரத்துக்கு ஒரு மனுஷனுக்குத் தண்ணியில விழத் தெரிய வேணாமா?"