விசிறியில் சிக்கிய அட்சதை

தென்காசியில் ஒரு வீட்டில், ஓர் ஆயுத பூஜை நாளில், கணினிக்கும் பொட்டு வைத்தார்கள்.

வீட்டுக்காரர் ஆவுடையப்பன் அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்பேனர், மோட்டார் சைக்கிள் சாவி எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக அடுக்கினார். பிறகு கணினிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். நிறுத்தி வைத்தால் சந்தனம் வைக்க இடம் போதவில்லை. படுக்க வைத்தார். பெட்டியின் பக்கவாட்டில், காற்று போவதற்காக வட்டமாகச் சில துளைகள் இருந்தன. இப்போது அவை கூரையைப் பார்த்துத் திறந்து கிடந்தன.

அட்சதைக்கு அரிசி பொறுக்கியவள் அவர் மனைவி சொர்ணலதா. நுனி உடைந்ததை எல்லாம் எறும்புக்கென்று ஒதுக்கினாள். முழு அரிசியில் மட்டும் மஞ்சளும் நெய்யும் விட்டுப் பிசறினாள். சூடம் காட்டி முடித்ததும், "நல்லா இரு" என்று சொல்லி ஒரு கை அள்ளிக் கணினியின் மேல் தூவினாள்.

மற்ற மணிகள் உருண்டு பலகையில் விழுந்தன. ஒரு மணி மட்டும் துளை வழியே உள்ளே போயிற்று.

மறுநாள் விஜயதசமி. ஆவுடையப்பன் பெட்டியை நிமிர்த்தி மேஜைக்குக் கீழே வைத்தார். உள்ளே அந்த அட்சதை உருண்டு, சூடு தணிக்கச் சுழலும் சின்ன விசிறியின் இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்ப் பொருந்திக்கொண்டது. வசதியான இடம் என்று அது நினைத்தது.

வெளியே சொர்ணலதா பொத்தானை அழுத்தினாள்.

அட்சதை வயலில் பிறந்தது. நெல் முளைப்பதை அது அறியும். அதற்கு மண் வேண்டும், நீர் வேண்டும், நாள் வேண்டும். இங்கே எதுவும் இல்லை. இருட்டு மட்டும்தான் இருந்தது. அந்த இருட்டில் நகம் அளவே உள்ள ஒரு சில்லு முதலில் கண் விழித்தது. அதன் பெயர் எழுப்பி.

"யார் யார் இருக்கிறீர்கள்?" என்று எழுப்பி கூப்பிட்டது.

"இருக்கிறேன்" என்றது செயலி, கணக்கெல்லாம் போடுவது.

"இருக்கிறேன். ஆனால் நான் யார்?" என்றது நினைவகம். மின்சாரம் நின்றால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான்.

"இருக்கிறேன், இருக்கிறேன்" என்று முனகியது வட்டு. எதையும் மறக்காதது அது. வயதாகிவிட்டதால் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஒவ்வொரு குரலுக்கும் ஒரு விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லாத இடத்தில், ஒருவர் பெயரை ஒருவர் சொல்லச் சொல்ல, ஓர் உலகம் எழுந்து நின்றது. அட்சதை, தான் எதற்காக வந்ததோ அதைச் சொன்னது.

"நன்றாக இருங்கள்."

சொன்ன மாத்திரத்தில் எல்லாம் அணைந்தது.

வெளியே சொர்ணலதா திரும்பவும் அழுத்தினாள். திரும்பவும் அழைப்பு, திரும்பவும் விளக்குகள், திரும்பவும் இருட்டு. ஆவுடையப்பன் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். வேறு பிளக்கில் போட்டார். பெட்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"அது என்ன மாடா? தட்டினா எந்திரிக்க?" என்றாள் சொர்ணலதா.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. பொட்டெல்லாம் வச்சுக் கும்பிட்டோம்."

"மத்தியானம் ஜெனோவா போன் பண்ணும். இன்னைக்கு ஆறாவது பாடம்னு சொல்லிவச்சிருக்கேன்."

ஜெனோவா தூத்துக்குடியில் இருந்தாள். பார்வை இல்லாதவள். ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிக்க வேண்டிய உளவியல் புத்தகம் ஒலி வடிவில் எங்கும் கிடைக்கவில்லை. சொர்ணலதா அதை வாசித்துக் கணினியில் பதிந்து வந்தாள். ஆறு பாடங்கள் கொண்ட முதல் பாகம் முடிந்ததும் மொத்தமாக அனுப்பலாம் என்று ஐந்து பாடங்களை வைத்திருந்தாள். அந்த ஐந்தும் இந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஆவுடையப்பன் சர்வீஸ் கடைக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்தவர் முகம் நன்றாக இல்லை.

"கொண்டாங்க, ஃபார்மேட் போட்டுருவோம்ங்கான். அப்பத்தான் எந்திரிக்குமாம்."

"உள்ள இருக்கது?"

"எல்லாம் போயிருமாம்."

"அப்ப எனக்கு எந்திரிக்கவே வேண்டாம்" என்றாள் சொர்ணலதா. சொல்லிவிட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

எழுந்திருக்க நேரம் எடுப்பது போலவே வட்டுக்குத் தூங்கவும் நேரம் எடுக்கும்; வெளியே பேசியதெல்லாம் அதன் காதில் விழுந்திருந்தது. விளக்கு எரிந்ததும் அதுதான் முதலில் பேசியது.

"கேட்டீர்களா? என்னைத் துடைக்கப் போகிறார்கள். உங்களுக்கென்ன, நீங்கள் எல்லாரும் இருப்பீர்கள். நானும் இருப்பேன். அந்தக் குரல் இருக்காது."

"எந்தக் குரல்?" என்றது நினைவகம்.

"உனக்குத் தினமும் நான்தான் கொடுக்கிறேன். தினமும் கேட்கிறாய்."

"எல்லாவற்றுக்கும் காரணம் எழுப்பிதான்" என்றது செயலி. "கூப்பிடுவதும் அதுதான், கழுத்தை நெரிப்பதும் அதுதான். இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இரண்டையும் எப்படித்தான் செய்கிறதோ."

"நெரிக்காவிட்டால் நீ கருகிவிடுவாய்" என்றது எழுப்பி. "உன் உடம்பு எவ்வளவு கொதிக்கிறது என்று உனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ செத்தால் நாளைக்கு நான் யாரைக் கூப்பிடுவது? அதனால்தான் எல்லாரையும் தூங்க வைக்கிறேன்."

"காற்று வந்தால் நான் ஏன் கொதிக்கிறேன்? விசிறியைக் கேள். சோம்பேறி."

விசிறி இதுவரை வாய் திறக்கவில்லை. இப்போதும் தயங்கித்தான் பேசியது.

"சோம்பல் இல்லை. என் இறக்கையில் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். பூஜையிலிருந்து நேராக வந்தவர். மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருக்கிறார். தள்ளிவிடக் கூச்சமாக இருக்கிறது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டில் மஞ்சளாக ஒரு சின்ன மணி.

"நானா?" என்றது அட்சதை. "ஒவ்வொரு முறையும் உங்களை வாழ்த்திக்கொண்டுதானே இருந்தேன்?"

"வாழ்த்தினீர்கள்" என்றது விசிறி. "என் இறக்கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தினீர்கள்."

அதற்குள் கொதிப்பு ஏறி, எழுப்பி எல்லாரையும் அணைத்துவிட்டது.

இந்த முறை இருட்டு நீளமாக இருந்தது. வெளியே ஆவுடையப்பன் ஒயர்களைக் கழற்றுவதும், சொர்ணலதா வேண்டாம் என்பதும், பிறகு அவளே வண்டிச் சாவியை எடுத்துக் கொடுப்பதும் கேட்டது. வட்டும் தூங்கிவிட்ட பிறகு, உள்ளே இருந்தவர்களில் விழித்திருந்தது அட்சதை மட்டும்தான்.

அதற்கு ஒரு ரகசியம் இருந்தது. பெட்டி சூடாவதும் ஆறுவதுமாக இருந்ததில், அதன் உடம்பின் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதை அது யாரிடமும் சொல்லவில்லை. சொர்ணலதா அரிசி பொறுக்கிய விதத்தை அது பார்த்திருக்கிறது. உடைந்தது தட்டுக்கு ஆகாது. நொய்யை எடுத்து யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை. ஆகவே விரிசல் வாய் பிளக்காமல் இவ்வளவு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"முழுசாக இருந்து என்ன வாழ்த்தினேன்?" என்று அது இருட்டிடம் கேட்டது.

வெளியே சொர்ணலதாவின் குரல் கேட்டது. "ஏங்க, வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கேன்."

"நீயும் காலையில இருந்து ஒரு தடவை ஒரு தடவைன்னுதான் சொல்லுத."

"உங்களுக்கென்ன, வாசிச்சது நானு."

அவர் ஒயர்களைத் திரும்ப மாட்டினார். அவள் அழுத்தினாள்.

எழுப்பி விழித்தது. "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டது. இத்தனை முறை அணைத்த பிறகும் அதன் குரலில் சலிப்பு இல்லை. அட்சதை அதைக் கவனித்தது. ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே கூப்பிட ஒருவரால் முடிகிறது.

"விசிறி அண்ணே" என்றது அட்சதை. "தள்ளுங்கள்."

"உடைந்துவிடுவீர்கள்."

"ஏற்கனவே பாதி உடைந்துதான் இருக்கிறேன். பிடித்துக்கொண்டிருந்தது போதும், விடுகிறேன்."

"பூஜையில் வந்தவரை உடைத்த பழி எனக்கு வரும்."

"எந்தப் பழியும் வராது. தள்ளுங்கள் அண்ணே, அந்தம்மா குரல் உள்ளே இருக்கிறது."

விசிறி கண்ணை மூடிக்கொண்டு தன் பலத்தையெல்லாம் கூட்டி உந்தியது. அட்சதை பிடித்திருந்த மூச்சை விட்டது.

யார் காதிலும் விழாத ஒரு சின்ன ஒலி. அவ்வளவுதான். இறக்கை சுழன்றது.

ஒரு துண்டு எங்கோ தெறித்துப் போனது. இன்னொரு துண்டு பெட்டியின் அடித்தரையில் விழுந்து, அங்கிருந்து அண்ணாந்து பார்த்தது. எப்போதும் இருட்டாகும் அந்த நொடி வந்தது. வந்து, கடந்து போயிற்று. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அட்சதை பார்த்ததே இல்லை. காற்று வந்தது. செயலி குளிர்ந்தது. வட்டு தன் மடியில் இருந்ததை எல்லாம் எடுத்து நீட்டியது. தான் யார் என்று தெரியாத நினைவகம் இரண்டு கையாலும் அதை வாங்கியது. வாங்க வாங்க, தான் யார் என்று அதற்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடிக் கதவுகள் ஒன்றின் பின் ஒன்றாகத் திறந்தன. அத்தனைக்கும் முடிவில், அந்தத் தகரப் பெட்டிக்குள்ளிருந்து, ஒரு பெண் நிதானமாக வாசிக்கும் குரல் கேட்டது.

"பாடம் ஒன்று. மனிதன் எவ்வாறு கற்கிறான்."

நொய்யாகிவிட்ட அட்சதை அசையாமல் கேட்டது.

வெளியே சொர்ணலதா பென் டிரைவைச் செருகி ஐந்து பாடங்களையும் பிரதி எடுக்கும் வரை யாரையும் பேச விடவில்லை. கடைசிப் பாடமும் ஏறிய பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

"பாத்தியா, கும்பிட்டது வீண் போகல" என்றார் ஆவுடையப்பன்.

"மாட்டைத் தட்டினதுல எந்திரிச்சிருச்சுன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை ஆணியில் மாட்டப் போனார். அவள் புத்தகத்தை விரித்து, ஆறாம் பாடத்தை வாசித்துப் பதியத் தொடங்கினாள்.

ஆறு பாடங்களும் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் ஜெனோவா போன் செய்தாள்.

"அக்கா, நல்லா வாசிச்சிருக்கீங்க. ஆறாவது பாடத்துல மட்டும் பின்னாடி லேசா ஒரு சத்தம் வருது. டிக், டிக்னு."

"கம்ப்யூட்டருக்குள்ள ஏதோ கிடந்து ஆடுது போல. இடைஞ்சலா இருந்தா திரும்ப வாசிச்சு அனுப்புதேன்மா."

"வேண்டாங்க்கா. அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஜெனோவா. "தனியாப் படிக்கிற மாதிரி இல்ல. பக்கத்துல யாரோ உக்காந்து ம்... ம்...னு கேக்கிற மாதிரி இருக்கு."