தூரத்துத் தட்டு

சிவக்கொழுந்து அன்று காலை சந்தோஷமாக இருந்தார். இமயமலை அடிவாரத்துத் தொலைநோக்கித் தட்டு பழுதாகிவிட்டது என்று நம்பினார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதற்குப் பிறகுதான் மலைமேல் இருந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்கு வந்து, அங்கே விஞ்ஞானியாக இருந்த பூங்கோதையிடம் வானத்தைக் கேட்கப் பழகினார். குருவுக்கு அவருடைய மகள் வயது. அதனால் என்ன, குரு குருதான்.

மலையில் இரண்டு பெரிய தட்டுகள் அருகருகே வானம் பார்த்து நின்றன. மூன்றாவதை வடக்கே, இமயமலை அடிவாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பூங்கோதை இவர் பெயரைச் சொல்லிவிட்டார். போக இவருக்கு மனமில்லை. வாய்விட்டுச் சொல்லவோ கூச்சம்.

"அம்மா, அந்தத் தட்டு சரியில்லை" என்று இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.

"என்ன வாத்தியாரே, கெட்ட சேதியை இவ்வளவு சிரிச்ச முகத்தோட சொல்றீங்க?"

அவர் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் ரேடியோ அலையைச் சோதனையாகக் கேட்டிருந்தார்கள். மலையின் இரண்டு தட்டுகள் கேட்டதை ஒன்றோடொன்று பொருத்தியபோது, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோடு உயரமாக எழுந்தது. மலைத் தட்டையும் இமயத் தட்டையும் பொருத்தினால் அதே கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

"நூத்துக்கு மூணு பங்குதான் தேறுது. பழுதான இடத்துக்கு ஆளை அனுப்பி என்ன பிரயோஜனம்?"

பூங்கோதை கணினியை அவர் பக்கம் திருப்பினார். "ஒப்பிட்டுப் பார்க்க இடையில வானத்துல இன்னொண்ணையும் கேட்டோமே, அதைப் போடுங்க."

எந்தச் சோதனையிலும், ஏற்கெனவே அளவு தெரிந்த இன்னொரு விண்பொருளையும் சேர்த்துக் கேட்பது அங்கே வழக்கம். சந்தோஷத்தில் சிவக்கொழுந்து அதைப் பார்க்காமலே ஓடி வந்திருந்தார். இப்போது போட்டார். பக்கத்துத் தட்டோடும் தூரத்துத் தட்டோடும் கோடு ஒரே உயரம்.

"தட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "இது மட்டும் ஏன் குறையலை?"

"இது வெறும் புள்ளி. நாம கேட்ட மண்டலம் அப்படி இல்லை. ரெண்டு பக்கமும் புகை மாதிரி விரிஞ்சு கிடக்கு. பக்கத்துப் பக்கத்துல நின்னு கேட்டா அது பெரிசாக் கேட்கும். தட்டுகளைத் தள்ளி வெச்சா, விரிஞ்சதெல்லாம் நழுவிடும், புள்ளியா இருக்கிறது மட்டும் நிக்கும்."

"அப்போ இந்த மூணு பங்கு?"

"அதுதான் மண்டலத்தோட நடு. அந்தப் புகை அத்தனையும் அங்கேருந்துதான் புறப்பட்டுது. அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போய்த் தட்டு நிறுத்தினோம். நீங்க அதையே பழுதுன்னுட்டீங்க."

சிவக்கொழுந்து தாள்களை அடுக்கினார். கலைத்து மறுபடி அடுக்கினார்.

"உள்ளதைச் சொல்லிடறேன் அம்மா. தட்டு பழுதுன்னா நான் போக வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன்."

"நீங்க உள்ளே வரும்போதே தெரிஞ்சுது."

"சிரிக்காதீங்க. உங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு. அங்கே போய்த் தனியா உட்கார்ந்தா, கத்துக்கிட்டதுல முக்கால்வாசி மறந்துபோயிடும்."

"மறக்கட்டும் வாத்தியாரே" என்றார் பூங்கோதை. "அவ்வளவு தூரத்துல மறக்காம மிஞ்சறது எதுன்னு எனக்கும் தெரியணும்."