ஐந்து துண்டாக ஒரு சொல்

சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து இருளப்பன் செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. விபத்துக்கு அவன்தான் காரணம், அவன் ஒரு 'இர்ரிஸ்பான்சிபிள்', அதாவது பொறுப்பில்லாத ஆள் என்று நிர்வாகம் அறிக்கை எழுதிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அவன் மனைவி சொர்ணத்தாய், அந்தக் காகிதத்தை இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டி, அந்த ஒரு சொல்லை மட்டும் துண்டு துண்டாக, அர்த்தத்தோடு தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள்.

விசாரணையன்று தொழிலாளர் அதிகாரி முன்னால், "அந்தச் சொல்லை எடுத்துடுங்க ஐயா," என்றாள்.

மேனேஜர் சுதர்சனம் சிரித்தார். "முதல்ல அது உன் வாயில நுழையுதா பாரும்மா. எத்தனை துண்டு, எங்கே அழுத்தணும், என்ன அர்த்தம்? சொல்லிட்டா எடுத்துடறேன்."

சொர்ணத்தாய் விரலால் மேசையைத் தட்டினாள். "இர்-ரி-ஸ்பான்-சி-பிள். அஞ்சு துண்டு. மூணாவதுல அழுத்தணும். முன்னால வர்ற 'இர்'னா இல்லைன்னு அர்த்தம். நடுவுல இருக்கிறது பதில். கடைசியில இருக்கிறது முடியும்ங்கிறது. மொத்தத்துல, பதில் சொல்ல முடியாத ஆளு. சரிதான் ஐயா. என் வீட்டுக்காரரு சாம்பலாப் போயிட்டாரு, அவரால பதில் சொல்ல முடியாது. நீங்க உசிரோடதானே இருக்கீங்க, நீங்க சொல்லுங்க. பாய்லர் வால்வு பழுதுன்னு அவரு மூணு தடவை எழுதிக் குடுத்தாரே, ஏன் மாத்தலை?"

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்க சார்," என்றார் அதிகாரி. பதில் வரவில்லை. அவர் அறிக்கையை மேனேஜர் பக்கம் தள்ளினார். மேனேஜரே பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார்.

சொர்ணத்தாய் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். ஜெயித்ததை வீட்டில் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை.