இடம் சொல்லமாட்டேன்

இந்தக் கதையில் தலை நரைத்தவர் சிஷ்யர். குருவுக்கு முப்பத்தைந்து வயதுதான், பெயர் பூங்கோதை. ஊர் சுற்றி எழுதிப் பேர் வாங்கியவர். இப்போது மலையடிவாரத்தில் வீடு எடுத்துக்கொண்டு, எழுத வருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறார்.

சிஷ்யர் வைத்தியலிங்கம் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் ஃபேஸ்புக்கில் 'இந்த வாரம் கண்டது' என்று ஒரு பதிவு போடுவார். ஒரு வாரம் சாப்பாடு, ஒரு வாரம் சுங்குடிச் சட்டை, ஒரு வாரம் ஏதாவது பறவை. எழுத்து நன்றாகவே இருக்கும். கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: 'இடம் சொல்லமாட்டேன்.' கீழே ஆட்கள் கெஞ்சுவார்கள். அதில் மனிதருக்கு ஒரு சுகம். காலமெல்லாம் மனு வாங்கிய கை, சும்மா இருக்குமா?

ஒருநாள் குருவிடம் கேட்டார்.

"டீச்சர், முருங்கைக்கீரை அடை பதிவை எல்லாரும் பகிர்றாங்க. எந்தக் கடைன்னு ஒரே நச்சரிப்பு. சொல்லலாமா?"

"ஏன், சொன்னா என்ன?"

"கூட்டம் வந்து கெடுத்துடும். போன மாசம் ஆந்தைக் கூட்டைப் பத்தி எழுதி, இடத்தை மறைச்சேன். நீங்கதானே சபாஷ்னு சொன்னீங்க?"

"ஆந்தை வாசல்ல போர்டு மாட்டலையே சார்."

அவருக்குப் புரியவில்லை. பூங்கோதை ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"பசிக்குது. சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். எனக்காவது இடம் சொல்வீங்கல்ல?"

கடை பழைய ரோட்டில் இருந்தது. நாலுவழிச் சாலை வந்ததிலிருந்து அந்தப் பக்கம் ஆடுகள்தான் போய்வந்துகொண்டிருந்தன. பேச்சியம்மாள் அடை வார்த்தார், புருஷன் சுருளி இலை போட்டார். வேறு ஆள் இல்லை.

"நல்லா சாப்பிட்டுக்கங்க சார்" என்றார் பேச்சியம்மாள். "மாசம் பொறந்தா கடை இருக்காது."

வைத்தியலிங்கத்தின் கை இலையிலேயே நின்றது. "ஏம்மா?"

"ஆளு வரணும்ல. திருப்பூருக்குப் போறோம், பனியன் கம்பெனிக்கு. இவருக்குக் கண்ணும் சரியில்ல, அங்க என்ன வேலை குடுப்பாங்களோ."

பூங்கோதை அடையைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வந்தார். "எம் மக ஒண்ணு அனுப்பியிருந்தா. யாரோ ஒரு சார் எழுதியிருக்காரு. அங்கயும் முருங்கைக்கீரை அடைதானாம். அத அவரு சொல்லியிருக்கிற அழகப் பாருங்க, நமக்கே நாக்கு ஊறுது. ஓரம் அப்படி மொறுமொறுன்னு இருக்குமாம். நானும் நேத்து எண்ணெய மாத்தி வார்த்துப் பாத்தேன். எனக்கு அந்தப் பக்குவம் வரல."

வைத்தியலிங்கம் போனைப் பார்த்தார். அவர் எழுதியதுதான். யாரும் கடையைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று படத்தில் தோசைக்கல்லை வெட்டி, இலையை வெட்டி, அடையின் ஒரு ஓரத்தை மட்டும் விட்டிருந்தார்.

"எடம் சொல்லமாட்டாராம்" என்றார் பேச்சியம்மாள். "எந்தப் புண்ணியவதி கடையோ, நல்லாருக்கட்டும்."

வைத்தியலிங்கத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. குருவைப் பார்த்தார். குரு இன்னொரு அடை கேட்டார்.

அவராகவேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா, அந்தக் கடை இதுதான். எழுதினது நான்."

பேச்சியம்மாள் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், கல்லில் வெந்துகொண்டிருந்த அடையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நான் சுட்டதா?"

"நீங்க சுட்டதுதாம்மா."

புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சுருளிக்கே தெரியவில்லை.

"பேரு போட்டு எழுதவாம்மா?" என்றார் வைத்தியலிங்கம்.

"போடுங்க. போர்டும் தெரியட்டும். ஏங்க, போய்ச் சட்டையப் போட்டுட்டு வாங்க."

அன்று சாயங்காலமே பதிவு வந்தது. போர்டு, கல், பேச்சியம்மாள், புதுச் சட்டையில் சுருளி, நாலுவழிச் சாலையிலிருந்து எந்தப் புளியமரத்துக்கிட்டே திரும்ப வேண்டும் என்பது வரை எல்லாம் இருந்தது.

அடுத்த ஞாயிறு கழிந்து, வைத்தியலிங்கம் குருவிடம் வந்தார். முகத்தில் பாதி பூரிப்பு, பாதி கோபம்.

"நேத்துப் போனேன் டீச்சர். புளியமரம் வரைக்கும் வண்டி நிக்குது. ரெண்டு கல்லு போட்டிருக்காங்க. மக வந்து இலை போடுறா, சுருளி கல்லாவுல உக்காந்திருக்காரு. திருப்பூர்னு பேச்சே இல்ல."

"அப்புறம் என்ன குறை?"

"ஒரு பையன் வீடியோ போட்டிருக்கான், அந்தக் கடையத் தானே கண்டுபிடிச்ச மாதிரி. ஊரே அவனைக் கொண்டாடுது. என் பேரை ஒருத்தன் சொல்லல. போகட்டும்னு வரிசையில நின்னா, எனக்கு அடையே கிடைக்கல."

"பேச்சியம்மா என்ன சொன்னாங்க?"

"மாவு தீந்துபோச்சுன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

வைத்தியலிங்கம் யோசித்தார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது.

"கரண்டியோட வாசலுக்கு வந்து நின்னாங்க. கடைசி வண்டி வரைக்கும் கேக்கற மாதிரி, 'மாவு தீந்துபோச்சு, நாளைக்கு வாங்க'ன்னாங்க. என்னைப் பார்த்ததும் இன்னொரு தடவை சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டே."

"அதை எழுதுங்க சார்" என்றார் பூங்கோதை. "அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."