தேசம்மா பிடிச்ச மறைப்பு

கடலுக்கு ரொம்பக் கிட்ட ஒரு ஊர்ல ஒரு மீன்காரி இருந்தா. தேசம்மான்னு பேரு. "ம்" சொல்லு, அப்பதான் கதை நகரும்.

"ம்."

ஒரு பங்குனி மாசம், அவ குடிசைக்கு எதிர ஒரு ஆமை கரையேறி, சரக் சரக்னு குழி தோண்டி முட்டை போட்டுட்டுப் போச்சு. ஓட்டுல பிறை மாதிரி ஒரு வெட்டு அதுக்கு. அப்புறம் அதே பிறை ஆமை செத்துக் கரை ஒதுங்குச்சு. இழுவலையில மாட்டி, மேல வந்து மூச்சு விட முடியாமப் போச்சு, பாவம். தேசம்மா மணலத் தள்ளி மூடினா. "போ தாயி. உன் புள்ளைங்களுக்கு நானாச்சு"ன்னா.

அப்போ நாய் வந்துச்சு, முட்டைக் குழியைப் பரக் பரக்னு தோண்ட. தேசம்மா பழைய வலையை மேல விரிச்சுக் கல்லு வெச்சா.

அப்புறம் பையோட ஏகாம்பரம்னு ஒருத்தன் வந்தான், முட்டை திருட.

"உன் வூட்டுக் கோழி போட்டதா இது?"

"என் வாசல்ல போட்டதுடா. கைய வெச்சுப் பாரு, மீனோட சேத்து உன் விரலையும் ஆஞ்சுடுவேன்!"

ஓடியே போயிட்டான். தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

ஒரு சாயங்காலம் மணல் பொசுக்குனு உள்வாங்குச்சு. குஞ்சுங்க வரப்போகுது! தேசம்மா வலையை எடுத்துட்டா. இருட்டுல கடல்தான் பளபளக்கும், குஞ்சுங்க அதைப் பாத்துத்தான் போகும். ஆனா பின்னால புதுசா ஒரு விடுதி. பளீர்னு வெளக்கு! மொத குஞ்சு அதைக் கடல்னு நெனச்சு, குடுகுடுனு ரோட்டுப் பக்கம் திரும்பிடுச்சு.

தேசம்மா அதைக் கையில அள்ளிக்கிட்டு விடுதிக்காரர்கிட்ட ஓடினா. "ஐயா, கொஞ்ச நேரம் வெளக்க அணைங்க."

"ஆமைக்காக அணைக்கணுமா? போம்மா!"

அவ ஊர்ல ஒரு வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில பொம்பளைக்குப் பிரசவ வலி முத்திட்டா, சுத்தி நிக்கறவங்க சேலையை விரிச்சு மறைப்புப் பிடிப்பாங்க. தேசம்மா தெருவைப் பாத்துக் கத்தினா: "அடியே, பிரசவம்டீ! சேலை எடுத்துட்டு வாங்க!"

யாருக்கு, எவருக்குன்னு கேக்காம அத்தனை பேரும் ஓடி வந்தாங்க. தேசம்மா கையில இருந்த குஞ்சைக் காட்டினா. ரெட்டையா மடிச்ச சேலைங்க விடுதிக்கு முன்னால சுவர் மாதிரி எழும்புச்சு.

விடுதிக்காரர் குதிச்சாரு. "எறக்குங்க! போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள எங்க புள்ளைங்க நீந்திடும்."

அவரு எட்டிப் பாத்தாரு.

"பிரசவம் நடக்கற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை? திரும்பி நில்லுய்யா!"

பாவம், பழக்கதோஷம், மனுஷன் திரும்பி நின்னுட்டாரு!

இந்தப் பக்கம் இருட்டு. தேசம்மா கையில இருந்த குஞ்சைக் கீழ விட்டா. அது தலையைத் தூக்கிப் பாத்துச்சு. அப்புறம் குடுகுடு, குடுகுடு, எல்லாம் கடலைப் பாத்து... அலை வந்துச்சு, சளப்!

"நாளைக்கும் வருவியா?"ன்னாரு அவரு, திரும்பாமலே.

"வெளக்கு எரியற வரைக்கும் வருவோம்."

தெருவெளக்கு உன் கண்ணுல அடிக்குதா? இரு, என் முந்தானையை இப்படிப் பிடிக்கறேன். கதை கடலுக்குப் போயிடுச்சு. நீயும் போ, தூங்கு.