கணவாய் மருத்துவமனையும் தளபதியின் இரண்டு வாக்கும்

முல்லைநாட்டுக்கும் கல்நாட்டுக்கும் தீராத பகை. இரண்டுக்கும் நடுவே மலையில் வழிகள் பல உண்டு. அவற்றில் அகலமான கணவாயின் உச்சியில், கோட்டை கட்ட வேண்டிய இடத்தில், யாரோ ஒரு புண்ணியவதி குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டிவிட்டுப் போயிருந்தாள். படை, படை என்றே மூச்சுவிடுகிறவர்களுக்கு இது பெரிய வயிற்றெரிச்சல்.

முல்லைநாட்டு அரசன் பெருஞ்சாத்தன் தன் தளபதி எயினனை அழைத்தான். "அந்த இடத்தின் பலம், பலவீனம் எல்லாவற்றையும் பார்த்து வா. கோட்டைக்கு ஏற்றதென்றால் மழைக்கு முன் மருத்துவமனையைக் காலி செய்துவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நீ கண்டது எதுவும் எனக்குத் தெரியாமல் போகக் கூடாது."

எயினன் வாக்குக் கொடுத்தான். கொடுத்த வாக்கை மீறிவிட்டு உயிரோடு இருக்கத் தெரியாத ஆள் அவன். இந்த விஷயத்தில் அரசனும் அவனுக்குச் சளைத்தவனல்ல.

மருத்துவமனை வாசலில் தலைமை மருத்துவச்சி அல்லிக்கோதை வழிமறித்தாள்.

"வாளை இங்கேயே வெச்சிடுங்க. ராஜாவே வந்தாலும் இதுதான் வழக்கம். உள்ளே பார்க்கிறது யார் வீட்டுப் பிள்ளைன்னு வாசலுக்கு வெளியே பேசமாட்டேன், அதை வெச்சு யாருக்கும் கெடுதல் செய்யமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டு வாங்க."

மதிலையும் கிணற்றையும் பார்க்க வந்தவனுக்குப் பிள்ளைகளோடு என்ன வேலை? தயங்காமல் வாக்குக் கொடுத்துவிட்டு நுழைந்தான்.

நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நீண்ட கூடம் முழுக்கப் பாய்கள், பாய்கள்தோறும் பிள்ளைகள். நடுவே, முன்பொரு போரில் எயினனின் தோளில் ஈட்டி பாய்ச்சிய கல்நாட்டுப் படைத்தலைவன் காரி உட்கார்ந்திருந்தான். மடியில் முல்லைநாட்டு உழவன் வீட்டுக் குழந்தை. காய்ச்சலில் முனகும் அதற்கு விசிறிக்கொண்டிருந்தான். இருமி இளைத்துப்போன அவனுடைய சொந்த மகளோ, எயினனின் படைவீரன் ஒருவனுடைய மனைவியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அழுகிற பிள்ளையைப் பக்கத்துல இருக்கிறவங்க தூக்கணும். யார் பிள்ளைன்னு கேட்கக் கூடாது. இது இங்கத்து வழக்கம்" என்றாள் அல்லிக்கோதை. "மலைக்கு அந்தப் பக்கம் இங்கே வந்து பிழைச்ச பிள்ளை இல்லாத வீடு குறைச்சல். அதான் அவங்க படை இந்த வழியா வர்றதில்லை."

எயினனுக்கு மெய்சிலிர்த்தது. எத்தனையோ கோட்டைகளைப் பார்த்தவன் அவன். மதில் இல்லாமல், ஒரு காவலாளிகூட இல்லாமல் இப்படி ஒரு காவலை அவன் கண்டதில்லை. காரி நிமிர்ந்து பார்த்தான். எயினனைக் கண்டும் விசிறுவதை நிறுத்தவில்லை.

அரண்மனையில் அரசன் கேட்டான். "இடம் எப்படி?"

"கோட்டைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, அரசே. ஆனால் கட்ட வேண்டாம்."

"ஏன்? கல்நாட்டார் அந்த வழியாக மட்டும் வராமலிருப்பது ஏன்? அங்கே என்ன கண்டாய்?"

எயினன் வாய் திறக்கவில்லை. அரசனின் முகம் சிவந்தது.

"வாக்கை மறந்துவிட்டாயா? நாளைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் கொத்தர்கள் மலையேறுவார்கள்."

சொன்னால் மருத்துவமனையில் கொடுத்த வாக்குப் போகும், காரியின் மகள் அரசனிடம் பிணைக்கைதியாவாள். சொல்லாவிட்டால் அரசனுக்குக் கொடுத்த வாக்குப் போகும், அத்தனை பிள்ளைகளும் மழையில் தெருவுக்கு வருவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே சொல்லுங்கள்: இரண்டு வாக்கும் நிலைத்து, பிள்ளைகளும் பிழைக்க எயினன் செய்ய வேண்டியது என்ன?

விடை: அவன் அரசனை அங்கேயே அழைத்துப் போக வேண்டும். அப்படித்தான் செய்தான். பேசக் கூடாதென்பது வாசலுக்கு வெளியேதான். தெரிய வேண்டும் என்றுதான் அரசனும் கேட்டான், இன்ன இடத்தில் சொல் என்று கேட்கவில்லை. பெருஞ்சாத்தன் வாளை வைத்தான், வாக்குக் கொடுத்தான், உள்ளே போனான். எயினன் அங்கே எதையும் மறைக்கவில்லை. காரியை அடையாளம் கண்டு அரசன் பல்லைக் கடித்த நேரம், பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. அருகில் வேறு யாருமில்லை. அரசன்தான் தூக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தவனிடம், "உள்ளே யாரைக் கண்டீர்கள்?" என்று அமைச்சர்கள் மொய்த்தார்கள். அரசன் தோளில் வழிந்திருந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே, "கோட்டைக்கு வேறு இடம் பாருங்கள்" என்று மட்டும் சொன்னான்.